ஆக்சிலியா கேட்ட நங்கூர விஞ்ச்

“வூட்ல ஆம்பளைங்க யாரும் வர்லீங்களா?”

கேட்ட மாத்திரத்தில் ஆக்சிலியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. மழையில் தெப்பலாக நனைந்து, தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த மோட்டார் கடைக்குள் ஓடி வந்திருக்கிறாள். உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை... எடுத்த எடுப்பில் இந்தக் கேள்வி.

“படகு ஓட்டுறது நான். நங்கூரம் இழுக்கறதும் நான். ஆம்பளைங்க வந்து என்னங்க பண்ணப் போறாங்க?”

கல்லாவிலிருந்த மரிய ஆனந்த் நிமிர்ந்தான். மழைக்கால மேகம் மாதிரி கருகருவென்று இரண்டு கண்கள்... சே, இவனுக்குப் போய் இப்படிக் கண்ணா என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“விஞ்ச் வெயிட்டா இருக்கும், தூக்க ஆளு வேணுமேன்னு கேட்டங்க.”

“நானே தூக்குவன்.”

விஷயம் இதுதான். நாகமரையில், மேட்டூர் அணையின் தேக்கத்தில் மீன் பிடிக்கும் சின்ன ஃபைபர் படகு அவர்களுடையது. நங்கூரக் கயிற்றை இழுத்தே அப்பா சின்னப்பனின் இடுப்பு போய்விட்டது. ஒற்றைப் பெண்ணால் ஆகாது, விற்றுவிடலாம் என்கிறார். பட்டனைத் தட்டினால் நங்கூரத்தைத் தூக்கும் மின்சார விஞ்ச் கிடைத்தால் படகு அவளுக்கு நிற்கும். இல்லையென்றால் கைவிட்டுப் போய்விடும்.

“இருக்கறதுலயே பெருச குடுங்க.”

“பெருசு வேணாங்க. உங்க படகுல ஒரே பேட்டரி தான? அத்தனையும் விஞ்சே குடிச்சிரும். அப்புறம் நடுத் தண்ணியில இன்ஜின் ஸ்டார்ட் ஆவாது. நங்கூரம், கயிறு ரெண்டும் சேந்த வெயிட்டுக்கு மூணு பங்கு இழுத்தா போதும்.”

“எங்க தண்ணிய பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? அடியில முழுகிப்போன ஊரே கெடக்குது. பழைய செவுத்துல மாட்டிக்கிட்டா மூணு பங்கு பத்துமா?”

“மாட்டுனா எந்த விஞ்ச்சாலயும் இழுக்கக் கூடாதுங்க, உள்ள கியர் பல்லு போயிரும். கயித்த படகோட முன்கட்டையில கட்டி இன்ஜின வெச்சு இழுத்து வுடுங்க. வுட்டப்புறம் விஞ்ச்சு தூக்கட்டும்.”

“அதத்தான் பொறந்ததுலருந்து பண்ணிட்டிருக்கறன்.”

“அப்ப சின்னதே போதும்னு உங்களுக்கே தெரியுதில்ல?”

அவன் சொன்னது சரிதான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

“சரி, சின்னதே குடுங்க.”

அவன் ஒரு கணம் தயங்கினான். “ஸ்டாக் இல்லீங்க. கொச்சியில இருந்து வரணும். அடுத்த சனிக்கிழம வாங்க.”

வந்தாள். லாரி வரவில்லையாம். டீ மட்டும் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே பாட்டு, இந்த முறை டீயோடு மிளகாய் பஜ்ஜி. பென்னாகரம் பஸ்ஸில் அவனை வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தாள். திட்டத் திட்ட அந்தக் கண்கள் ஞாபகத்துக்கு வந்தன... தன்னையும் ஒரு திட்டு திட்டிக்கொண்டாள்.

பிறகு ஒரு புதன்கிழமை காலை கடை திறந்ததும் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“ஆர்டர கேன்சல் பண்ணிருங்க. எங்கப்பா வெங்கடாசலம்னு ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டாரு. நாளைக்கி படகு போவுது.”

மரிய ஆனந்தின் முகம் செத்துவிட்டது. உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தான். நங்கூர விஞ்ச். சின்னது.

“எப்ப வந்துச்சு?”

“மொத நாளே இருந்துச்சுங்க... ஒகேனக்கல்காரரு ஒருத்தரு சொல்லி வெச்சு, வேணாம்னுட்டாரு. உங்கள இன்னொரு தடவ பாக்கணும்னு தோணுச்சு. அதான் பொய் சொல்லிட்டன்.”

அவளுக்குக் கண்கள் பொங்கின. “அது என் பொழப்புங்க. உங்களுக்கு வெளையாட்டா? நாளைக்கித்தான படகு போவுது, இன்னிக்கே மாட்டிப் பாத்துர்றன்.”

பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். அவன் ஷட்டரை இழுத்துவிட்டு, ஸ்பேனர் பையோடு பின்னாலேயே ஓடி வந்தான். பஸ்ஸில் முன்சீட்டில் அவள், பின்சீட்டில் அவன். நாகமரை வரைக்கும் அவள் திரும்பவே இல்லை.

கரையில் சின்னப்பன் இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். “இனிமே எதுக்குய்யா மாட்டற?”

“தப்பு என்னுதுங்க. மிஷின வெச்சுக்கிட்டே இல்லன்னு சொன்னன். உங்க பொண்ணு கடைக்கி திரும்ப வரணும்னுதான் அந்தப் பொய்யச் சொன்னன்.”

சின்னப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். அடித்துவிடுவாரோ என்று ஆக்சிலியாவுக்குப் பதறியது. ஏன் பதற வேண்டும், நன்றாக வாங்கட்டுமே... ஆனாலும் பதறியது.

“மாட்டு,” என்றார் அவர்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. ஆக்சிலியா தனியாகவே படகை நடுத்தண்ணீருக்கு ஓட்டிப்போய் நங்கூரம் போட்டாள். படகை நங்கூரத்துக்கு நேர்மேலே கொண்டுவந்து, இன்ஜினை அணைக்காமல் பட்டனை அழுத்தினாள். கயிறு முறுக்கிக்கொண்டு ஏறியது. சேறு வழிய நங்கூரம் படகின் முனையில் வந்து உட்கார்ந்தது. கரையை நெருங்கி இன்ஜினை அணைத்தபோது அப்பா ஃபோனில், “மன்னிச்சுக்கங்க வெங்கடாசலம், குடுத்த வாக்க திருப்பி வாங்கிக்கறன். எம்பொண்ணு ஓட்டுறா,” என்பது காற்றில் கேட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு கரையேறினாள்.

மரிய ஆனந்த் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தான்.

“எங்க போறீங்க?”

“பஸ்ஸுக்குங்க. உங்களுக்குத்தான் கோவம் தீரலியே.”

“தீரல. வேற எவனாச்சும் ஏமாத்தியிருந்தா ரெண்டு வார்த்த கேட்டுட்டு வுட்டுருப்பன். நீங்க ஏமாத்துனதுக்கு பஸ்ஸு பூரா அழுதுட்டு வந்தன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏன்னு கேக்க மாட்டீங்களா?”

“ஏங்க...?”

“புடிச்சிருக்கு. அதாங்க இவ்ளோ கோவம்.”