ஐம்பத்தேழில் முடியும் முகவரி

திருமயம் பைபாஸில் கவியரசன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால். முதுகில் லேப்டாப் பை. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் இணைப்பு கொடுப்பதும் கோளாறு வந்தால் சரிபார்ப்பதும் அவன் வேலை. எட்டு மாதமாகத் திருமயம் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை காட்டாமல், ஏதாவது சாக்குச் சொல்லி வேறு ஆளை அனுப்பிக்கொண்டிருந்தான். இன்று அந்த ஆளும் லீவு. தப்ப வழியில்லை.

பழைய செட்டியார் வீடு ஒன்றைத்தான் ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். முகப்பில் கண்ணாடிக் கதவு, ஏ.சி., பளபளப்பு. உள்ளே போகப் போக தேக்குத் தூண்களும், வெயில் எட்டாத முற்றங்களும், ஸ்பிரிட் வாசனையும். வீட்டின் கடைசிக் கட்டான பின்பகுதியில் ரத்தப் பரிசோதனை லேப். வெளியே உச்சி வெயில் கொளுத்தியும் அந்த அறையில் பகலிலேயே விளக்கு எரிந்தது.

லேப்பில் இருந்த பெண் பிளெஸ்ஸி. வெளியூரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அழுத கண்ணோடு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நாலு நாளா இதே கூத்துதான் சார். காலையில நல்லாத்தான் போகுது. மத்தியானத்துல ரிப்போர்ட் அனுப்புனா 'சேர்ந்துவிட்டது'ன்னு காட்டுது. வார்டுல கேட்டா வரலைங்கிறாங்க. தேடிப் பாத்தா என் கம்ப்யூட்டருக்கே திரும்பி வந்து கெடக்கு. நான் அனுப்பாமலே பொய் சொல்றேன்னு மேனேஜர் சொல்றாரு. இன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா வேலைக்கே வர வேணாமாம்."

கவியரசன் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். இதே பேச்சை, இதே அறையில், இன்னொரு பெண் வாயிலிருந்து அவன் கேட்டிருக்கிறான். அவள் பெயர் செவந்தி.

எட்டு மாதத்துக்கு முன் ரத்தம் பரிசோதிக்கப் புது மெஷின் வந்தது. அதோடு பேச இந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் முகவரி, அதாவது ஒரு எண், வேண்டியிருந்தது. எந்த எண் யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அதை எடுத்துப் பார்க்க கவியரசனுக்குப் பொறுமையில்லை. ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஐம்பத்தேழில் முடியும் முகவரியில் ஏதாவது கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று குரல் கொடுத்துப் பார்ப்பதுபோல அதற்குப் பிங் போட்டான். பதில் வரவில்லை. காலி என்று முடிவுகட்டி அதையே கொடுத்துவிட்டுக் கிளம்பினான். அது வார்டு கம்ப்யூட்டரின் முகவரி. சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் அதை அணைத்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அன்று செவந்தி வார்டுக்கு அனுப்பிய ரிப்போர்ட், இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவெண் போட்ட கதையாக, அவள் கம்ப்யூட்டருக்கே திரும்பி வந்து விழுந்தது. அது வராததால், காய்ச்சலில் கிடந்த கொடும்பாளூர் வேலாயுதத்துக்கு ரத்தம் ஏற்றத் தாமதமாகி, அவர் இறந்துபோனார்.

மறுநாள் கவியரசனைத்தான் பார்க்கச் சொன்னார்கள். பார்த்த உடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடாமல் ஐம்பத்தேழை அழித்து ஐம்பத்தெட்டு என்று மாற்றினான். 'கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். செவந்தி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பல்வலிக்குக் கிராம்பு கடிக்கிற பழக்கம் அவளுக்கு. "அனுப்புனேங்க. சத்தியமா அனுப்புனேங்க," என்று மட்டும் சொன்னாள். வேலை போனது. ஊரே அவளைக் கொலைகாரி என்றது. மூன்றாவது மாதம் மஞ்சள் காமாலை வந்தபோது மருந்து சாப்பிட மறுத்தே செத்துப்போனாள்.

கவியரசன் செட்டிங்ஸைத் திறந்தான். முதல் முகவரி இருபத்துநாலு, இரண்டாவது ஐம்பத்தெட்டு. இரண்டும் அவன் கொடுத்தவை.

கீழே மூன்றாவதாக ஒன்று இருந்தது. ஐம்பத்தேழு.

"இதை நீங்க போட்டீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார்."

அழித்தான். திரும்பவும் திறந்தான். ஐம்பத்தேழு அங்கேயே இருந்தது. கேபிளைப் பிடுங்கிவிட்டு அழித்தான். பிளெஸ்ஸியை அனுப்பி வார்டு கம்ப்யூட்டரையும் அணைக்கச் சொன்னான். இப்போது அந்த முகவரி இந்தக் கட்டடத்தில் யாரிடமும் இல்லை. தன் லேப்டாப்பை நெட்வொர்க்கில் சொருகி ஐம்பத்தேழுக்குப் பிங் போட்டான்.

பதில் வந்தது.

மறுபடியும் போட்டான். வந்தது. கேட்பதற்கு முன்பே காத்திருந்து சொல்வதுபோல வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

கிராம்பு வாசனை அடித்தது.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

லேப் கம்ப்யூட்டரில், கேபிள் இல்லாத அந்தக் கம்ப்யூட்டரில், ஒரு ரிப்போர்ட் வந்து விழுந்தது. பெயர் வேலாயுதம், வயது அறுபத்தொன்று. அனுப்பியவர், செவந்தி. அதற்குக் கீழே நேற்றைய தேதியில் ஒன்று, முந்தாநாள் ஒன்று, அதற்கு முந்தின நாள் ஒன்று. எல்லாம் பன்னிரண்டு நாற்பதுக்கு, அன்று அவள் அனுப்பிய அதே நேரத்துக்கு.

திரும்பி வந்த பிளெஸ்ஸி திரையைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "செவந்தின்னு யாரு சார்? அப்படி இங்க யாரும் இல்லையே."

"முன்ன இருந்தவங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

அவனுக்குப் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. செத்தவள் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். உயிரோடு இருக்கிற அவனால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

எழுந்து நேராக மேனேஜர் திருப்பதியின் அறைக்குப் போனான். ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடிக்கும்போது அழுதிருந்தான்.

திருப்பதி எழுந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, இது வெளிய போனா ஒனக்கும் வேலை இருக்காது, எங்களுக்கும் கேஸ் வரும். போன மனுஷி போயிட்டா. பிளெஸ்ஸி மேல தப்பில்லன்னு நான் பாத்துக்கிறேன். நீ மெஷின் கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

கவியரசன் தலையாட்டினான். ஆட்டும்போது நெஞ்சு லேசானது. அதுதான் வெட்கக்கேடு.

லேப்புக்கு வந்து பார்த்தால் இருபத்துநாலும் ஐம்பத்தெட்டும் மட்டுமே இருந்தன. பிளெஸ்ஸி அனுப்பிய ரிப்போர்ட் ஒழுங்காக வார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. "ரொம்ப தேங்க்ஸ் சார். என் பேரக் காப்பாத்திட்டீங்க," என்று கும்பிட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்தான்.

பஸ் நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை. நிழலில் உட்கார்ந்து, சர்வீஸ் ரிப்போர்ட்டை முடித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தான். கேபிள் இல்லை. வைஃபை அணைந்திருந்தது. 'மெஷின் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று எழுதினான். அடியில் தன் பெயரையும் போட்டான்.

திரையின் மூலையில் சின்னதாக ஓர் அறிவிப்பு எழுந்தது. இந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டாவது முகவரி கிடைத்திருக்கிறதாம்.

அவன் எண்ணைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வேலாயுதத்தின் ரிப்போர்ட் வந்தது. அழித்தான். மறுபடியும் வந்தது. பட்டனை அழுத்தி லேப்டாப்பை அணைக்கப் பார்த்தான். திரை அணையவில்லை. ரிப்போர்ட் வந்த ஒவ்வொரு தடவையும் அதன் கீழே பச்சை எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை வந்து நின்றது.

சேர்ந்துவிட்டது.