ஆறாவது பெயர்

பள்ளிபாளையத்துக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. கல்லூரிக்குப் போகிற ஒன்பது பேருக்கு உதவித்தொகை கொடுக்கும் விழா. ஆறாவது பெயர் ஸ்ரீதேவி. அம்மாவுக்கு விசைத்தறியில் பகல் ஷிப்ட். அதனால் தங்கை அறிவுமதிதான் துணை. அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

"கேசரி போடுவாங்களாக்கா?"

"பேசாம உக்காருடி" என்று ஸ்ரீதேவி சிரித்தாள்.

முதல் பையன் மேடை ஏறினான். விழாவை நடத்திய ஜெகதீஸ்வரன் மைக்கில் ஒரு தாளை வாசித்தார்.

"இவருடைய தந்தை குடித்தே இறந்தவர். வீட்டில் ஒரு வேளைதான் சோறு..."

பையன் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்ரீதேவி தங்கையின் பக்கம் குனிந்தாள். "அறிவு, விண்ணப்பத்துல அப்பாவைப் பத்தி எழுதியிருக்கேன். அதையும் வாசிப்பாங்களா?"

நான்கு வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போன அப்பா திரும்பவே இல்லை. 'லாரியில வடக்க போயிருக்காரு' என்றுதான் ஸ்ரீதேவி பள்ளியில் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்குக் கைதட்ட வந்த தோழிகள் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள்.

அறிவுமதி மேடையில் இருந்த ஜெகதீஸ்வரனிடம் ஓடினாள். "ஏனுங்க, எங்கப்பாவைப் பத்தி மட்டும் வாசிக்காதீங்க. அக்கா மார்க்கை வாசிங்க."

"கேக்கறவங்க மனசு உருகோணும் பாப்பா. அப்பத்தான் அடுத்த வருசமும் பணம் குடுப்பாங்க. போய் உக்காரு சாமி."

ஆறாவது பெயர் வந்தது.

"இவரது தந்தை குடும்பத்தைக் கைவிட்டு ஓடிப்போனவர்..."

மூன்றாவது வரிசையில் தோழிகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரீதேவி உறையை வாங்கினாள். போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றாள்.

அறிவுமதிக்கு அழுகை முட்டியது. ஆனால் இன்னும் மூன்று பேர் பாக்கி இருந்தார்கள். மூவரும் படிக்கட்டுப் பக்கம் முகம் வெளுத்து நின்றார்கள்.

விழா நோட்டீசைத் திருப்பி, பேனாவை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனாள்.

"அண்ணா, உங்க பேரு? எத்தனை மார்க்கு? என்ன படிக்கப் போறீங்க?"

எழுதிய தாளை, உறைகளைக் கொடுத்துக்கொண்டிருந்த நூல் மில் முதலாளி சரவணமுத்துவிடம் நீட்டினாள்.

"என்ன சாமி இது?"

"மார்க்குங்க. அவர் தாள்ல இது இல்லைங்க."

அவர் ஜெகதீஸ்வரனின் தாளை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார். இல்லைதான். மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"கௌதமன். ஐந்நூற்று அறுபத்தொன்பது. கால்நடை மருத்துவம் படிக்கப் போறார்."

கைதட்டல் எழுந்தது. கௌதமன் தலை நிமிர்ந்து ஏறினான். மற்ற இருவரும் அப்படியே.

"எங்கக்காவையும் மறுபடி கூப்பிடுங்க" என்றாள் அறிவுமதி.

"முடிஞ்சவங்களைக் கூப்பிட்டா நேரமாயிருமே சாமி" என்று சரவணமுத்து கிளம்பிவிட்டார்.

வெளியே வந்தபோது தோழிகள் சொல்லிக்கொள்ளாமலே போயிருந்தார்கள். கேசரி இருந்தது. இருவரும் சாப்பிடவில்லை.

"கோவமாக்கா?"

"உம்மேல இல்லை" என்றாள் ஸ்ரீதேவி. சிறிது தூரம் நடந்தபின், "எனக்கு முன்னாடியே அந்தத் தாளை எழுதியிருக்கக் கூடாதா?" என்றாள்.

அறிவுமதி அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். அக்காவும் விடவில்லை.

மறுநாள் காலை. தெருக்குழாயில் பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் கேட்டார்: "ஏஞ்சாமி, உங்கப்பன் ஓடிப்போனதை மைக்குல சொன்னாங்களாமா?"

ஸ்ரீதேவி தூக்கிய குடம் பாதியில் நின்றது.

"ஆமாங்க, சொன்னாங்க" என்றாள் அறிவுமதி. "எங்கக்கா ஐந்நூத்து எழுபத்தொண்ணு எடுத்ததைச் சொல்ல மறந்துட்டாங்க. காலேஜுல கணக்குப் படிக்கப் போறா. அதை நீங்க நாலு பேருக்குச் சொல்லிருங்க."

காளியாத்தாள் சொன்னார். மத்தியானத்துக்குள் ஸ்ரீதேவியின் மார்க்கு தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.