அறுநூறு கிராம்

காலை 8.10. திருவனந்தபுரத்தில் மாவட்ட ஜூனியர் ஜூடோ போட்டி. வெறும் நிக்கரோடு எடை மெஷினில் ஏறி நின்றான் பதின்மூன்று வயது கைலாஷ். நாற்பது கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் அவன்தான் போன வருட சாம்பியன்.

எண்கள் நின்றன: 40.300.

"அளவு தாண்டிட்டான். விளையாட முடியாது," என்றார் நடுவர்.

"மோசடி!" அவன் அப்பா சேஷன் கத்தினார். "கார்த்தாலே ஆத்து மெஷின்லே பாத்தேன், 39.700. ரெண்டு நாளா தண்ணியைக்கூட அளந்துதான் குடுக்கறேன். இந்த மெஷின் யார் கடையிலேர்ந்து வந்ததுன்னு கேளுங்கோ!"

அது ஆரியசாலை மொத்த வியாபாரி சத்தியதாஸ் கொடுத்தது. அவர் மகன் சுபினும் அதே பிரிவு. நடுவர் அவன் பெயரையும் நிறுத்திவைத்தார்.

அரங்கின் பாதுகாப்புக்கு வந்திருந்த எஸ்.ஐ. ஷைலஜாவுக்கு அன்று காலை இது மூன்றாவது பெற்றோர் சண்டை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எந்தா மேடம் இது? சும்மா குடுத்ததுக்கு நான் கள்ளனா?" சத்தியதாஸ் மெஷினைக் காட்டிக் கேட்டார்.

அவர் மனைவி ராகேல் எதையும் காதில் வாங்காமல் ஓர் ஏத்தம் வாழைப்பழத்தை உரித்து கைலாஷிடம் நீட்டினாள். "மோனே, நீ முதல்ல இதைத் தின்னு."

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே தலையசைத்தான். "வேண்டாம் ஆன்ட்டி."

"கோவத்திலே இருக்கான்," என்றாள் அவன் அம்மா சாவித்ரி, அவசரமாக.

ஷைலஜா சேஷனிடம் திரும்பினார். "வீட்டு மெஷின் எங்க?"

"கார் டிக்கியிலேயே இருக்கு!"

ஓடிப்போய் எடுத்து வந்தார். கைலாஷ் ஏறினான். 40.300. சேஷன் மெஷினைத் தட்டினார். மறுபடி ஏறச் சொன்னார். அதே எண்.

"வழியில எங்க நிறுத்தினீங்க?"

"பழவங்காடியிலே. பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சேன்."

"மோனும் வந்தானா?"

"இல்லே. கூட்டம். இவா ரெண்டு பேரும் கார்லேயே இருந்தா."

ஷைலஜா சாவித்ரியை நேராகப் பார்த்தார். "என்ன குடுத்தீங்க?"

சாவித்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டதும் ஷைலஜா சேஷனைப் பார்த்தார்.

"மெஷின்ல தப்பில்ல, சாரே. காலைல 39.700 காட்டின அதே மெஷின்தான் இப்ப 40.300 காட்டுது. அப்போ அந்த அறுநூறு கிராம் பையன் வயித்துலதான் இருக்கு. ரெண்டு நாள் பட்டினி கிடந்தவன் முன்னால பழத்தை நீட்டினாங்க. கோவத்துல வேண்டாம்னு சொல்லலாம், கேட்டோ? ஆனா கண்ணு பழத்துக்குப் போகாம இருக்குமா? இவன் திரும்பிக்கூட பாக்கல. இவனுக்குப் பசியே இல்ல."

"கஞ்சி," என்றாள் சாவித்ரி. "ஃபிளாஸ்க்கிலே கொண்டுவந்தேன். நேத்திக்கு மாடிப்படியிலே தலை சுத்தி உக்காந்துட்டான். இவர் அப்பவும் எடையைத்தான் பாத்தார்."

"எடை ஏறும்னு தெரியாதா உனக்கு?" என்றார் சேஷன்.

"தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"சத்தியதாஸ் சாரிட்ட மன்னிப்புக் கேளுங்க," என்றார் ஷைலஜா.

சேஷனுக்கு அது காதில் விழவே இல்லை. "அடுத்த மாசம் கொல்லத்திலே போட்டி இருக்கு. இன்னிலேர்ந்தே ஆரம்பிச்சா..." என்று விரல் மடக்கினார். ஷைலஜா தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

கைலாஷின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "கஞ்சித்தண்ணி எடையிலே ஏறாதுன்னியேம்மா. நெஜத்தைச் சொல்லிருந்தா நான் குடிச்சே இருக்க மாட்டேன்."

"அதனாலதாண்டா சொல்லலை."

உள்ளே சுபினின் பெயரைக் கூப்பிட்டார்கள். கைலாஷ் அப்பாவையும் அம்மாவையும் தாண்டிப்போய், ராகேலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.