கோலத்துக்குப் போகாத பூ

நூறு வருஷத்துக்கு முந்திய கதை இது. மலாயாவில், பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தாள் காளியம்மா. ஐப்பசியில் அவள் அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்காக இந்தியாவிலுள்ள சொந்த ஊருக்குக் கப்பலேறினாள். போகுமுன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பூசணி விதையை ஊன்றினாள்.

“காய் முத்துறதுக்குள்ள வந்துடுவேன். வந்து கூட்டு வெச்சித் தாரேன்” என்றாள்.

அன்றிலிருந்து காளியம்மாவுக்குக் கொடி மேலேயே கண்.

மார்கழியில் கொடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. சில பூக்களுக்கு அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தது. மூன்றே நாளில் அது வெம்பி விழுந்துவிடும்.

“காயே இல்லாட்டி அம்மா எப்படிப்பா வரும்?”

“காய்க்கும் கப்பலுக்கும் என்ன புள்ள சம்பந்தம்?” என்று சிரித்துவிட்டு, அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டார். அவருக்கென்ன, சிரிப்பார். காளியம்மாவுக்கு அழுகை வந்தது.

அம்மாவைப் போலவே அவளும் தினமும் விடியுமுன் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ வைப்பாள். பிஞ்சுள்ள பூவைத் தொடமாட்டாள். நீளக் காம்பில் நிற்கும் வெறும் பூக்களை மட்டும் ஒன்றுவிடாமல் பறிப்பாள். காய்க்காத பூ இருந்தென்ன, போயென்ன!

ஒருநாள் அம்மாவை நினைத்து அழுதே களைத்து, விடிந்தும் தூங்கிவிட்டாள். எழுந்து பூப் பறிக்க ஓடினாள். வெறும் பூவுக்குள்ளிருந்து ஒரு தேனீ, மஞ்சள் பூசிக் குளித்தது போல உடம்பெல்லாம் பொடியோடு வெளியே வந்தது. நேராகப் பிஞ்சுப் பூவுக்குள் நுழைந்தது.

அந்தப் பிஞ்சு விழவில்லை! நாளுக்கு நாள் பருத்தது.

“அந்தப் பொடிதான் வேணுமா? ஐயோ, நான்தானே தினமும் பறிச்சேன்!”

மறுநாள் முதல் அவள் கோலத்தில் செம்பருத்தி உட்கார்ந்தது.

“பூசணிப்பூ எங்க லா?” என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி.

“அதுக்கு வேற வேலை இருக்குக்கா.”

பொங்கல் வந்தது, அம்மா வரவில்லை. காய் குடம்போல் ஆனது.

“முத்திப்போச்சு, அறுத்துடலாமா?” என்றார் அப்பா.

“வேணாம்பா. அம்மா வரட்டும்.”

தினமும் அதன்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, வண்டிப் பாதையைப் பார்ப்பாள். பாதை வெறுமையாகக் கிடக்கும்.

மாசியில் ஒருநாள் மாட்டுவண்டியிலிருந்து அம்மா இறங்கினாள். காளியம்மா அவளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“பாரும்மா, எம்மாம் பெரிசா வளந்திருக்கு!”

அம்மா பூசணியைப் பார்க்கவே இல்லை. மகளின் முகத்தையே பார்த்தாள். “ஆமாடி கண்ணு, எம்மாம் பெரிசா வளந்துட்டே!” என்று அவளை அள்ளிக்கொண்டாள்.

அன்றைக்குக் கூட்டு வேக ரொம்ப நேரமாயிற்று. அம்மா மகளை இறக்கிவிட்டால்தானே!