தொண்டையில் நின்ற ‘யே’

அத்தையின் பியானோமேல் துவைத்த துணிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. பள்ளியிலிருந்து வந்த முந்திரி அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பியானோமேல் அத்தை ஒரு கைக்குட்டையைக்கூட வைக்க விட்டதில்லை.

முந்திரி என்பது வீட்டில் வைத்த பெயர். எல்லோருக்கும் முன்னால் முந்திக்கொண்டு பேசுவதால் அப்படி. ஆனால் சனிக்கிழமையிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

அது மானமுள்ள குடும்பம். வெளியார் முன்னால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பெரியப்பா வைத்த சட்டம் அது. நல்ல சட்டம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்ன, பழக்கம் முற்றிப்போய் வீட்டுக்குள்ளும் எல்லாமே ‘பிரமாதம்’ ஆகிவிட்டது. சித்தப்பா கருக விட்ட ரொட்டி பிரமாதம். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் பெரியம்மா பின்னிய ஸ்வெட்டரும் பிரமாதம்.

அத்தைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் பியானோ கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். போன சனிக்கிழமை, நூலகத்தின் மாடி அரங்கில், தன்னைப்போல ஆசைக்குக் கற்றவர்கள் வாசிக்கும் கூட்டத்தில் முதல் முறையாக வாசித்தார்.

முதல் பகுதி மெதுவானது. முந்திரி மூச்சுவிட மறந்து கேட்டாள். அது முடியும் இடத்தில் அத்தை இரண்டு கைகளையும் தூக்கி அப்படியே நிறுத்தினார். அடுத்த பகுதி தொடங்குமுன் அங்கே ஓர் அமைதி வேண்டும்.

அந்த அமைதியில் பெரியப்பா எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டினால் குடும்பமே தட்டும். குடும்பம் தட்டியதும் அரங்கமே தட்டியது.

அத்தை திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வேகமான பகுதியைத் தொடங்கியவருக்கு விரல்கள் சிக்கிக்கொண்டன. நிறுத்தினார், மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் ‘பிரமாதம்’ என்றார்கள். அத்தை அவர்கள் யாரையும் பார்க்காமல் முந்திரியிடம் திரும்பினார்.

“நீ சொல்லு முந்திரி. நீதான் பொய் சொல்ல மாட்டே. எப்படி இருந்துச்சு?”

முந்திரியின் ஓவிய ஆசிரியர் ஒரு படத்தைப் பார்த்து “பரவாயில்லையே” என்றால் அந்தப் படம் வகுப்புச் சுவரில் ஏறிவிடும். முந்திரிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தெரியாது. அந்த மெதுவான பகுதிக்காக அதைத்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் அத்தையின் கண்கள் கலங்கியிருந்தன. அதைப் பார்த்து இவள் தொண்டை அடைத்துக்கொண்டது. கடைசி ‘யே’ வெளியே வரவில்லை.

“பரவாயில்ல அத்தை.”

“ம்,” என்று அத்தை அவள் கன்னத்தைத் தட்டினார். போய் பியானோ மூடியைச் சாத்தினார். பிறகு திறக்கவே இல்லை.

இன்று அதன்மேல் துணி.

“ஸ்கூல்ல ஒரு பியானோ கேட்டாங்களாம். அத்தை குடுக்கிறாளாம். நாளைக்குக் காலையில ஆள் வராங்க,” என்றார் பெரியம்மா.

முந்திரி பையை வைத்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்கு ஓடினாள். அத்தை ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏன் அத்தை குடுக்கறீங்க?”

“நீதானே சொன்னே, பரவாயில்லன்னு.”

“ஆமா, நல்லாருக்குன்னு சொன்னேன்.”

“கீழ விழுந்தவங்களைப் பாத்துச் சொல்றதும்மா அது. பரவாயில்ல, எந்திரின்னு.”

“ஐயோ, நான் சொல்ல வந்தது ‘பரவாயில்லையே’. ‘யே’ தொண்டையிலயே நின்னுடுச்சு.”

அத்தை சிரிக்க முயன்றார். முடியவில்லை. “ஒரு எழுத்தைக் குடுக்க இவ்வளவு தூரம் ஓடி வந்தியா? உன் மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லடா. ஆனா பாதியிலயே கைதட்டினாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்? போதும், இறங்குன்னுதானே? அதுவும் என் அண்ணனே எழுந்து நின்னு.”

“பெரியப்பா முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க அத்தை.”

“அவருக்கா தெரியாது? அவருக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கா?” அத்தை திருகாணியைக் கீழே போட்டுவிட்டார். குனிந்து தேடினார். நெடுநேரம் நிமிரவில்லை.



மறுநாள் காலை பெரியப்பா பின்கட்டில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். முந்திரி எதிரில் போய் நின்றாள்.

“பெரியப்பா, அன்னிக்கு ஏன் நடுவுல கைதட்டினீங்க?”

“நடுவுலயா? முடிஞ்சதும்தான் தட்டினேன்.”

“அதுக்கப்புறமும் வாசிச்சாங்களே?”

“நான் தட்டினதுல சந்தோஷப்பட்டு இன்னொண்ணு வாசிக்கிறான்னு...” பெரியப்பாவின் பிரஷ் நின்றது.

“அது அதே பாட்டுதான். நீங்க போதும், இறங்குன்னு சொன்னதா அத்தை நினைச்சிட்டிருக்காங்க. அதனாலதான் பியானோவைக் குடுக்கறாங்க.”

“என் தங்கச்சியை, நாலு பேர் இருக்கிற சபையில, இறங்குன்னு நான் சொல்வேனா?”

“மாட்டீங்க. அதை நீங்கதான் சொல்லணும்.”

“என்னன்னு சொல்ல?”

“உங்களுக்குத் தெரியலன்னு.”

அந்த வீட்டில் பெரியப்பா வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. அவர் பாலிஷ் போட்ட ஷூவுக்கே மறுபடி பாலிஷ் போட ஆரம்பித்தார். முந்திரி திரும்பி நடந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

முன் அறையில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அத்தை துணிகளை எடுத்துக் கொடியில் போட்டார். ஆட்கள் பியானோவைச் சுற்றிப் பட்டையைக் கட்டினார்கள். அத்தை சுவரைப் பார்த்து நின்றார். முந்திரிக்கு அழுகை முட்டியது.

“நில்லுங்க.”

பெரியப்பா வந்து நின்றார். ஒரு காலில் ஷூ இருந்தது, ஒரு காலில் இல்லை. ஆனால் முதுகு எப்போதும்போல நேராக இருந்தது.

“அன்னிக்கு முடிஞ்சுதுன்னு நினைச்சுத் தட்டிட்டேன். எனக்குத் தெரியல.”

அத்தை மெதுவாகத் திரும்பினார். “தெரியாம எதுக்கு அண்ணா முதல் ஆளா எழுந்தீங்க?”

“என் தங்கச்சிக்கு வேற எவனோ முதல்ல தட்டறதா?”

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பெரியப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். அதுதான் மரியாதை.

“அம்மா, இப்ப தூக்கறதா வேண்டாமா?” என்றார் பட்டையைப் பிடித்திருந்தவர்.

அத்தை அவருக்குப் பதில் சொல்லாமல் முந்திரியைப் பார்த்தார். “அந்த மெதுவான இடம்?”

“எனக்கு மூச்சே நின்னுடுச்சு. நிஜமா.”

“வேகமான இடம்?”

பெரியம்மா அவசரமாக, “பிரமாதம்னு சொல்லு,” என்று கிசுகிசுத்தார்.

“மோசம் அத்தை,” என்றாள் முந்திரி. “கைதட்டாம இருந்தாலும் மோசம்தான். வீட்டுல வாசிக்கும்போதே இடது கை முந்திக்கிட்டு ஓடுது. என்னை மாதிரியே.”

அத்தை அவளையே பார்த்தார். பிறகு, அந்த வாரத்தில் முதல் முறையாக, வாய்விட்டுச் சிரித்தார். ஆட்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பட்டையை அவிழ்க்கச் சொன்னார். மூடியைத் திறந்து, இடது கையை மட்டும் கட்டைகள்மேல் வைத்து, அந்த மோசமான இடத்தை மெதுவாக, மிக மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.