நெற்றியில் ஒரு கை

மனைவி ஈரப் பஞ்சால் அவர் மூக்கு நுனியைத் துடைத்தாள். கொக்கிக்காரருக்கு நெற்றி குளிர்ந்தது.

"நெத்தியில ஏன்மா தேய்க்கிற? அங்கதான் கட்டு கிடக்கே."

"நான் எங்க நெத்தியத் தொட்டேன்? மூக்கத்தானே துடைக்கிறேன்."

அவர் கையைத் தூக்கி அவள் விரலைத் தேடினார். விரல் மூக்கின்மேல்தான் இருந்தது. குளிர்ச்சி மட்டும் புருவத்துக்கு மேலே நின்றது. மனைவி சிரித்தாள். அவரும் சிரித்து வைத்தார். ஆனால் தன் வீட்டுக் கதவை யாரோ தட்ட, சத்தம் பக்கத்து வீட்டில் கேட்பது போலிருந்தது.

துறைமுகத்தில் பாரத்துக்குக் கொக்கி மாட்டுவது அவர் வேலை. இரும்புக் கயிறு அறுந்து சாட்டை மாதிரி சுழன்றபோது, அடுத்தடுத்து நின்ற இரண்டு பேரின் மூக்கையும் ஒரே வீச்சில் கொண்டுபோய்விட்டது. இன்னொருவன் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். ஆலைச் சங்கு போலக் கத்திப் பேசுவதால் சங்கு என்றே பெயராகிப்போனவன்.

பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைகளை அழைத்துவந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"ஒரே விபத்து, ஒரே காயம், ரெண்டு முறை. இவருக்கு நெத்தித் தோலைப் பெயர்த்து, கீழே திருப்பி மூக்கா மடிச்சிருக்கோம். புருவத்துக்கு நடுவுல காம்பு மாதிரி தொங்குது பாருங்க, அது வழியாத்தான் ரத்தம் வருது. அவருக்கு நெத்தியும் கிழிஞ்சுபோச்சு. அதனால பழைய முறை. கைத் தோலை மூக்குல தைச்சு, தோல் அங்கே ஒட்டுற வரைக்கும் கையையே முகத்தோட சேர்த்துக் கட்டியிருக்கோம். ரெண்டுக்கும் உள்ளே தாங்குறதுக்கு விலாவிலிருந்து எடுத்த குருத்தெலும்பு. எது நிக்குது, எது சரியுதுன்னு பார்ப்போம்."

பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

"பல்லையும் எண்ணிக்குங்க சார்," என்றான் சங்கு, கட்டிய கைக்கு அடியிலிருந்து. "மாடு வாங்க வந்தவங்க அதையும் பாப்பாங்க."

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த வார்டில் விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிடுவார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். உள்ளே பச்சைத் திரை வழியாக வடிகட்டின வெளிச்சம், குளத்தடியில் படுத்திருப்பது போல, தண்ணீர் நிறத்தில் சுவரில் அசையும். மின்விசிறியின் கிறீச்சும், தூரத்தில் தள்ளுவண்டிச் சக்கரத்தின் தடதடப்பும், யாரோ தொண்டையைச் செருமுவதும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கும். மூக்கில் குழாய் செருகி இருந்ததால் அவருக்கு வாசனையே கிடையாது. மருந்தின் கசப்பு மட்டும் நாக்கில் உட்கார்ந்திருக்கும்.

அப்படியொரு மத்தியானத்தில்தான் நெற்றியை யாரோ வருடினார்கள்.

காய்ச்சல் பார்ப்பது போல மெதுவாக, ஆசையாக, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. நர்ஸம்மாதான் என்று கண்ணை மூடியபடியே கிடந்தார். சுகமாகக்கூட இருந்தது. அது நிற்கவில்லை என்றதும் கண்ணைத் திறந்தார். கட்டிலருகே ஆளில்லை. திரை அசையவில்லை. நெற்றியைத் தடவிப் பார்த்தார். கனமான கட்டு, அதன் அடியில் தோல் உரித்த இடம். அங்கே யார் வருட முடியும்?

மறுநாள் சங்கு குரலைத் தாழ்த்தினான். அவன் குரலைத் தாழ்த்துவதே பயமாக இருந்தது.

"அண்ணே, விளக்கை அணைச்ச பிறகு உங்க பக்கம் யாராவது வர்றாங்களா?"

"ஏன்டா?"

"யாரோ என் கையைப் பிடிக்கிறாங்க. சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போற மாதிரி. வா வான்னு இழுக்குறாங்க. இந்தக் கையைத்தாண்ணே. இது கட்டுக்குள்ள கிடக்கு. உள்ள எப்படி இன்னொரு கை வரும்?"

கொக்கிக்காரர் தன் மூக்கு நுனியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். மனைவியின் ஈரப் பஞ்சு அவர் நினைவுக்கு வந்தது. மூக்கைத் தொட்டால் நெற்றியில் தெரிகிறது. அப்படியானால் அவனுக்கு மூக்கைத் தொட்டால் கையில் தெரியும்.

அது நெற்றியை வருடவில்லை. கையைப் பிடிக்கவில்லை.

மூக்கைத்தான் தொடுகிறது.

அன்று விளக்கு அணைந்ததும் இரண்டு உள்ளங்கையையும் மூக்கின்மேல் கூடாரம் போலக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தார். மின்விசிறி கிறீச்சிட்டது. வண்டிச் சக்கரம் ஓய்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நெற்றியில் மெதுவாக, ஆசையாக.

கூடாரத்துக்கு உள்ளே.

பெரிய டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நரம்பு இன்னும் பழைய விலாசத்துக்கே கடிதம் போடுதுய்யா. காம்பை வெட்டினதும் எல்லாம் நின்னுடும். அப்புறம் பல மாசத்துக்கு மூக்குல ஊசி குத்தினாலும் தெரியாது."

"அப்ப இன்னைக்கே வெட்டிடுங்க."

"அவசரப்பட்டா மூக்கு கருகிடும். முதல்ல உங்க கூட்டாளிக்கு வெட்டுறேன்."

சங்குவுக்கு வெட்டினார்கள். விடுபட்ட கையை அவன் கொடிபோல ஆட்டிக் காட்டினான்.

"விட்டுச்சுண்ணே! ஒருத்தனும் இழுக்கல. நமக்குச் சங்கு ஊத இன்னும் நாளிருக்கு."

நர்ஸம்மா கூடச் சிரித்துவிட்டாள். அன்று மத்தியானம் அவன் நன்றாகத் தூங்கினான். புது மூக்கின் வழியே மூச்சு மெல்லிய விசில்போலப் போய்வருவதைத் கட்டில்களுக்கு நடுவே தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் கொக்கிக்காரர் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். விசில் மெலிந்தது. நின்றது. குதிகால் மெத்தையில் இரண்டு மூன்று தரம் இடித்தது. புரண்டு படுக்கிறான் என்று நினைத்தார்.

நர்ஸம்மா திரையை விலக்கியபோது சங்குவின் கண் திறந்திருந்தது. மூக்கு கன்னத்தோடு தட்டையாக அழுந்திக் கிடந்தது. அதன் தோலில், பிசைந்த மாவில் விரல் வைத்து எடுத்தது போலக் குழிகள்.

"உள்ளே தாங்குற குருத்தெலும்பு சரிஞ்சிருக்கு. தூக்கத்துல மூச்சு அடைச்சுப்போச்சு," என்று பெரிய டாக்டர் பிள்ளைகளிடம் சொன்னார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. "நெத்தி முறைதான் மேல்."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

தன் முறை வந்தபோது கொக்கிக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாதீங்க டாக்டர். இது தொங்கட்டும். அவனுக்குத் தெரியுறது நின்னுச்சு, அவ்வளவுதான். வர்றது நிக்கல."

"பயம்யா. கூட்டாளி போன பயம்."

மனைவி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "சின்னவ வாசல் வரைக்கும் வந்துட்டு, உங்க மூஞ்சியப் பாத்து அலறிட்டுத் திரும்பிட்டா. எத்தனை நாளைக்கு இந்தத் தோலைத் தொங்கவிட்டுக்கிட்டு இருப்பீங்க? எங்களுக்காகவாவது வெட்டிக்கக் கூடாதா?"

எத்தனை டன் பாரம் தலைக்குமேல் ஆடியபோதும் அசையாமல் நின்றவர். மகள் அலறினாள் என்றதும் கம்பியை விட்டுவிட்டார்.

வெட்டினார்கள். குழாயை எடுத்தார்கள். முதல் மூச்சு உள்ளே போனபோது மாடி அறையின் சன்னலைத் திறந்ததுபோல இருந்தது. டாக்டர் ஊசி முனையால் மூக்கைச் சுற்றிலும் குத்தினார். "தெரியுதா?" தெரியவில்லை. "இங்கே?" அங்கேயும் இல்லை.

"பாத்தீங்களா," என்றார் டாக்டர்.

மத்தியானம் விளக்கு அணைந்தது. போகாதே என்று அவர் கெஞ்சியதால் மனைவி முக்காலியை இழுத்துப்போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டில் ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்கியும் போனாள். பாவம், எத்தனை நாள் அலைச்சல். பச்சை வெளிச்சம் சுவரில் அசைந்தது. அவர் தன் உயிர் முழுவதையும் நெற்றிக்குக் கொண்டுவந்து காத்துக்கிடந்தார். நெற்றியில் ஒன்றுமில்லை. மூச்சு உள்ளே போனது, சில்லென்று. வெளியே வந்தது, வெதுவெதுப்பாக. ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னது சரிதான். ஒன்றுமே இல்லை.

மூச்சின் சில்லிப்பு குறைந்தது.

ரத்தம் கட்டியிருக்கும். உறிஞ்சிப் பார்த்தார். ஒரு பக்கம் வரவில்லை. பிறகு மறு பக்கமும்.

இடது கண்ணை மூடினார். வலது கண்ணின் ஓரத்தில் தன் புது மூக்கு தெரிந்தது. சிவந்த மேடு. அதில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. மெதுவாக, ஆசையாக, மேடு உள்ளே அமுங்கியது.

வலிக்கவில்லை. எதுவும் தெரியவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது.

மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

உதட்டில் யாரும் கத்தி வைத்ததில்லை. அது அவருடைய சொந்த உதடு. அங்கே படுவது அங்கேயே தெரியும்.

தெரிந்தது. காய்ந்து, குளிர்ந்த, அகலமான உள்ளங்கை.