சூறைமொட்டையில் ஒரு குடில்

"இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள உங்க குடில் மொட்டை மேல நிக்கணும். பாறையில ஒரு துளை போடக்கூடாது. ராத்திரி நீங்களே தங்கணும். காலையில நான் வந்து பார்ப்பேன். இல்லேன்னா இடம் காண்டிராக்டருக்குத்தான். ஆமா, சொல்லிட்டேன்!"

மலைக்கிராமக் குழுத் தலைவி வெள்ளையம்மா போட்ட நிபந்தனை இது. கேட்டதிலிருந்து அங்கயற்கண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கம்பம் பக்கத்து மலையில் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தபடி கிடக்கும் மொட்டைப் பாறைதான் சூறைமொட்டை. அங்கே நின்றால் தலைமுடி தலையில் நிற்காது, அப்படியொரு காற்று! பார்க்க வருகிறவர்கள் தங்க ஓர் இடம் இருந்தால் ஊருக்கு வருமானம். காண்டிராக்டர் பாறைக்கு வெடி வைத்து கான்கிரீட் விடுதி கட்டுவானாம். வெடி வைத்தால் பாறை போனது போனதுதான், திரும்பி வருமா?

அதைத் தடுக்கத்தான் சென்னை வேலையை உதறிவிட்டு அங்கயற்கண்ணி இந்தக் குடிலை வரைந்தாள். எல்லாம் மூங்கில் பலகை. தாங்கும் கால்கள், தரை, சுவர், கூரை எல்லாம் தனித்தனித் துண்டு. மேலே தூக்கிக்கொண்டு போய்ப் பூட்ட வேண்டியது, வேண்டாதபோது கழற்ற வேண்டியது. துணைக்குக் கூடப் படித்த இரண்டு பேர்: பலகை இழைத்த இஸ்மாயில், லாரிக்காரர் மகள் செலின்.

"பலகையில எல்லாத் துளைக்கும் ஒரே அளவு போல்ட்டு. அதனால ஒரே மூட்டை! குழப்பமே வராது, பாருங்க" என்று அங்கயற்கண்ணி பெருமையடித்தாள்.

"ஆமா, மகாராணி! அந்த மூட்டையைத் தூக்குறது நானு" என்றான் இஸ்மாயில்.

பலகைகள் நீளம். ஓடைப் பள்ளத்துக் குறுக்கு வழியில் நுழையாது. ஊர்க்காரர்கள் அவற்றைத் தோளில் ஏற்றி மலைமுகட்டுப் பாதையில் நடக்க, பெண்கள் இருவரும் கூடவே போனார்கள். இஸ்மாயில் மட்டும் மூட்டையோடு பள்ளத்தில் இறங்கினான். முன்னால் போய்க் குடில் நிற்க இடம் பார்த்து வைப்பதாக ஏற்பாடு.

ஏறினார்கள், ஏறினார்கள், அப்படியொரு ஏற்றம்! பலகையில் காற்று மோதும்போதெல்லாம் ஆளையே தள்ளிக்கொண்டு போனது. மதியம் தாண்டி உச்சியை அடைந்தபோது மேகம் கருத்துவிட்டது. "மழை வருது தாயி, நாங்க இறங்குறோம்" என்று ஊர்க்காரர்கள் பலகைகளை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

பாறையில் இஸ்மாயிலைக் காணோம்!

"இஸ்மாயில்! டேய், இஸ்மாயில்!" பதிலே இல்லை.

"எங்கயாவது உக்காந்து முறுக்குத் தின்னுட்டு இருப்பான்" என்றாள் செலின். ஆனால் அவள் கண் ஓடைப் பள்ளத்தையே தேடியது. தூரத்தில் மழைச் சத்தம். மேலே மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வர எவ்வளவு நேரமாகும்?

பலகைகளை அப்படியே விட்டால் காற்று தூக்கிப் போய்விடும். அடுக்கிக் கட்ட நேரமில்லை. "கல்லைத் தூக்கி மேல வை, போதும்! வா!" என்று கத்திக்கொண்டே அங்கயற்கண்ணி பலகை கட்டக் கொண்டு வந்திருந்த பெரிய கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டி ஓடினாள்.

பாதிப் பள்ளத்தில் கண்டுபிடித்தார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் சிக்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான் இஸ்மாயில். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவனோ இரண்டு கையாலும் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்!

செலின் கயிற்றை மரத்தில் சுற்றி வீசினாள். அங்கயற்கண்ணி அதைப் பிடித்துக்கொண்டே அவனருகில் இறங்கினாள்.

"கயித்தைப் பிடிடா!"

"முதல்ல மூட்டையை வாங்கு!"

"விட்டுத் தொலைடா அதை!"

"இது போனா எல்லாம் போச்சு அங்கை!"

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. அங்கயற்கண்ணி பல்லைக் கடித்தாள். மூட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கி ஒரே வீச்சில் வீசினாள். செந்தண்ணீர் அதை விழுங்கிவிட்டது. "இப்பப் பிடி!"

இரண்டு கையும் கயிற்றில் விழுந்தன. செலின் மேலிருந்து இழுக்க, அங்கயற்கண்ணி கீழிருந்து காலை நெம்ப, செருப்பைப் பறிகொடுத்துக் கால் வெளியே வந்தது.

கயிற்றைச் சுருட்டி எடுத்து, அவனை நடுவில் தாங்கிக்கொண்டு உச்சிக்குத் திரும்பினார்கள். பலகைகள் இருந்தன. பூட்டத்தான் ஒன்றுமில்லை. அங்கயற்கண்ணி பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எல்லா போல்ட்டையும் ஒரே மூட்டையில் போட்ட புத்தியைத் தானே திட்டிக்கொண்டாள்.

செலின் கத்தினாள்: "அழுதது போதும், எந்திரி! எங்கப்பா லாரி நிறையச் சரக்கை ஏத்தி மலையிறக்கத்துல கொண்டு போறாரே, என்ன போல்ட்டா போடுறாரு? கயிறுதானே!"

மூவரும் கயிற்றையே பார்த்தார்கள். அடுத்த நிமிடம் கத்தி வேலை செய்தது. துண்டு துண்டாக நறுக்கி, துளைக்குத் துளை கோத்து, காலால் உதைத்து இழுத்து லாரி முடிச்சுப் போட்டாள் செலின். மற்ற இருவரும் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். விரல் தோல் உரிந்தது. காற்று குடிலைத் தூக்காமலிருக்க, சரிவில் கிடந்த கற்களை அள்ளி, பலகைகளோடு கொண்டு வந்திருந்த வலைப்பைகளில் போட்டுத் தரைக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். கடைசி முடிச்சு விழவும் பொழுது சாயவும் சரியாக இருந்தது.

பிறகு வந்தது பாருங்கள் காற்று! குடில் முனகியது, சாய்ந்தது, நிமிர்ந்தது. உள்ளே மூவரும் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். இஸ்மாயில் மூலையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "முடிச்சு கொஞ்சம் அசைஞ்சு குடுக்குது. போல்ட்டா இருந்தா இந்த ஆட்டத்துக்குப் பலகை துளையோட பிஞ்சிருக்கும்" என்றான்.

விடிந்தபோதும் குடில் நின்றது!

வெள்ளையம்மா ஊராரோடு வந்தார். சுவரைத் தள்ளினார், தரையில் குதித்தார். "நிக்குது. சரி, இப்பக் கழட்டுங்க" என்றார்.

"என்னக்கா சொல்றீங்க?" அங்கயற்கண்ணி குடிலை மறித்து நின்றாள்.

"வருசா வருசம் எங்க மலைச்சாமிக்கு இந்தப் பாறையிலதான் பொங்கல். அன்னைக்கு இங்க ஒரு துரும்பு கிடக்கக்கூடாது. வீட்டை நிப்பாட்டத்தான் எல்லாருக்கும் தெரியும். எடுத்துக் காட்டுங்க, பார்ப்போம்."

உயிரைக் கொடுத்துக் கட்டியது. இருந்தும் அங்கயற்கண்ணி முதல் முடிச்சில் கை வைத்தாள். நுனியை ஒரு சுண்டு சுண்டினால் லாரி முடிச்சு அவிழும். சுவர் போனது, கூரை போனது, கற்கள் சரிவுக்கே போயின.

வெள்ளையம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறை மேல் நடந்தார். குனிந்து தடவினார். இந்தக் கோடிக்குப் போனார், அந்தக் கோடிக்குப் போனார்.

"ஏன் தாயி, எந்த இடத்துல நின்னுச்சு?"

அங்கயற்கண்ணி கை நீட்டப் போனாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவளுக்கும் தெரியவில்லை.

வெள்ளையம்மா சிரித்தார். "இடம் உங்களுக்குத்தான். காண்டிராக்டருக்கு நானே சொல்லிக்கிறேன்."

செலின் கைதட்டிக் குதித்தாள். கட்டியதைவிடக் கழற்றியதுதான் தன்னை ஜெயிக்க வைத்தது என்று நினைத்தபோது அங்கயற்கண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இஸ்மாயில் மட்டும் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு பலகைக் குவியலைப் பார்த்தான்.

"அப்ப இதையெல்லாம் மறுபடியும் கட்டணுமா?"

"பின்னே? எந்திரிடா!" என்று சொல்லிக்கொண்டே அங்கயற்கண்ணி முதல் பலகையைத் தூக்கிவிட்டாள்.